தலைமேல் சிங்கம், உள்ளே குழந்தை

பொம்மைப் படம் என்றால் குழந்தைகள் சமாசாரம் என்று நாம் எல்லோருமே சொல்லிக்கொள்கிறோம். சரி, உண்மையைச் சொல்லுங்கள். 'லயன் கிங்' படத்தில் அப்பா சிங்கம் பாறையிலிருந்து விழுந்து மாண்டபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது குழந்தையா, நீங்களா? குழந்தை அந்தச் சமயம் சோளப்பொரிப் பொட்டலத்தில் கையை விட்டுக்கொண்டிருந்திருக்கும். 1994-ல் வந்த படம் அது. தமிழ் பேசிய பதிப்பில் வளர்ந்த சிம்பாவுக்குக் குரல் கொடுத்தவர் அரவிந்த்சாமி. இருபத்தைந்து வருஷம் கழித்து, 2019-ல் அதே கதை புது மாதிரிப் படமாக வந்தபோது அவரே கொடிய சித்தப்பன் ஸ்காருக்குக் குரல் கொடுத்தார். பிள்ளையாக இருந்தவர் சித்தப்பா ஆகிவிட்டார்! நமக்கும் வயதாகிவிட்டது என்பதை இதைவிட நயமாக யார் சொல்ல முடியும்?

இந்த வாரம் சிங்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே, முடிச்சூரிலிருந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தின் பெயரை நானும் சொல்லப் போவதில்லை. விஷயம் இதுதான்: அவருடைய பெண்ணுக்குப் பதினொரு வயது. பள்ளி ஆண்டு விழாவில் 'லயன் கிங்' ஆடப் போகிறார்கள். குட்டிச் சிங்கம் சிம்பா வேஷம் இந்தப் பெண்ணுக்குத்தான் என்று ஜூலை மாதமே முடிவாயிற்று. வீட்டில் ஒரே கோலாகலம். பாட்டிக்குக்கூட கர்ஜனை பழக்கமாகிவிட்டதாம். ஆனால் பெண் குழந்தைகள் வளருகிற வேகம் உங்களுக்குத் தெரியாததா? காலாண்டுப் பரீட்சை முடிவதற்குள் கிடுகிடுவென்று உயர்ந்துவிட்டாள். அப்பா சிங்கமாக வரும் பையனுக்கும் அவளுக்கும் ஒரே உயரம்! வேஷம் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்குப் போய்விட்டது. இவளைப் புல்லும் மரமுமாக நிற்கிற கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு நாளாகப் பெண் சரியாகச் சாப்பிடவில்லை. 'இந்தப் பொம்மைப் பட நாடகம் எங்கிருந்து வந்தது? என் பெண்ணை அந்தக் கூட்டத்தில் நிற்க விடலாமா, நிறுத்திவிடலாமா?' என்பதுதான் அவர் கேட்பது.

இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டுமானால் கொஞ்ச தூரம் பிரயாணம் செய்ய வேண்டும். பிராட்வே வரையில். பிராட்வே என்றதும் தாம்பரம்வாசிகளுக்குப் பாரிமுனைப் பஸ் ஸ்டாண்டுதான் ஞாபகத்துக்கு வரும். இது அந்தப் பிராட்வே அல்ல. நியூயார்க் நகரத்தின் நாடகக் கொட்டகை வட்டாரம்.

வால்ட் டிஸ்னி கம்பெனி 1991-ல் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' என்று ஒரு சித்திரப் படம் வெளியிட்டது. மிருக உருவம் சபிக்கப்பட்ட ராஜகுமாரன், அவனை அன்பால் மீட்கும் பெண் என்ற பழைய பிரெஞ்சுக் கதை. அதைப் பார்த்த 'நியூயார்க் டைம்ஸ்' நாடக விமரிசகர் பிராங்க் ரிச், பொல்லாத பேனாக்காரர். அந்த வருஷத்தின் மிகச் சிறந்த பிராட்வே சங்கீதம் ஒரு சித்திரப் படத்தில்தான் இருக்கிறது என்ற கருத்தில் அவர் எழுதிவிட்டார். நாடகக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! டிஸ்னிக்காரர்களுக்கோ, அட, இதையே மேடை ஏற்றினால் என்ன என்று தோன்றிவிட்டது. 1994 ஏப்ரலில் பிராட்வேயில் திரை தூக்கினார்கள். இறக்கியது 2007 ஜூலையில்! மொத்தம் 5,461 ஆட்டங்கள்.

அந்தப் படத்துக்குப் பாட்டெழுதிய ஹோவர்ட் ஆஷ்மன் இதில் எதையும் பார்க்கவில்லை. எய்ட்ஸ் நோயால் 1991 மார்ச்சில், நாற்பதாவது வயதில் காலமாகிவிட்டார். படம் கொட்டகைக்கு வந்ததே அந்த வருஷக் கடைசியில்தான். அவருடைய பாட்டு ஒன்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், மறந்துவிடாதீர்கள்.

அந்த நாடகத்தில் சிப் என்று ஒரு பாத்திரம். அதாவது, நிஜமாகவே பாத்திரம்! தேநீர்க் கோப்பையாக மாறிவிட்ட சிறு பையன். ஒரு தள்ளுவண்டி, அதன்மேல் ஒரு கோப்பை, கோப்பைக்குள் பையனுடைய தலை மட்டும். உடம்பு பூராவும் வண்டிக்குள்ளே மறைந்திருக்கும். ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்த பிள்ளை, ஏறக்குறைய ஆட்டம் முழுவதும் கழுத்துக்குக் கீழே இல்லாதவனாக இருக்க வேண்டும். பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு வசனமும் சொல்ல வேண்டும். மரமாக நிற்பது இதைவிடத் தேவலை என்று முடிச்சூர்ப் பெண்ணிடம் யாராவது சொல்லுங்கள்.

இந்த நாடகம் நம் தேசத்துக்கும் வந்தது. 2015 அக்டோபரில் மும்பையிலும் டிசம்பரில் டில்லியிலும் ஆடினார்கள். வெளியூர்க் கம்பெனி வந்து ஆடியது அல்ல. விக்ராந்த் பவார் டைரக்ட் செய்ய, மெஹர் மிஸ்திரி கதாநாயகியாகவும் எட்வின் ஜோசப் மிருகமாகவும் வேஷம் கட்டினார்கள். எல்லோரும் நம் நாட்டு நடிகர்கள். பாட்டெல்லாம் சொந்தக் குரல். 2018-ல் 'அலாவுதீன்' நாடகத்தையும் நம்மவர்களே மும்பையில் மேடை ஏற்றினார்கள். அதற்கு டைரக்டர் ஷ்ருதி சர்மா என்ற பெண்மணி. டில்லி ரஸிகர்கள் மிருகத்தையும் அழகியையும் கண்டு களித்த அதே 2015 டிசம்பரில்தான் முடிச்சூர்த் தெருக்களில் படகு ஓடியது. அடையாறு வீட்டுக்குள் வந்துவிட்ட அந்த நாட்களில் மாடியில் ஏறி நின்றவர்களுக்கு நாடகம் எங்கே ஞாபகம் வந்திருக்கும்!

இனி சிங்கத்துக்கு வருவோம்.

'லயன் கிங்' படத்தை மேடைக்குக் கொண்டுவரலாம் என்றபோது பலர் தலையை ஆட்டினார்கள். சம்மதமாக அல்ல. மிருகத்தோலைப் போர்த்திக்கொண்டு நாலு பேர் ஓடினால் சிரிப்புத்தானே வரும்? இந்தக் காரியத்தை ஜூலி டேமர் என்ற பெண்மணியிடம் ஒப்படைத்தார்கள். அவர் இளம் வயதில் இந்தோனேஷியாவில் நாலு வருஷம் இருந்தவர். தோல்பொம்மை நிழலாட்டம், முகமூடிக் கூத்து எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகி, அங்கேயே ஒரு நாடகக் குழுவும் நடத்தியவர். அவர் செய்த யுக்தி என்ன தெரியுமா? சிங்கத்தின் முகத்தை நடிகனின் முகத்தில் மாட்டவில்லை. தலைக்கு மேலே கிரீடம் மாதிரி வைத்துவிட்டார்! கீழே மனித முகம் பளிச்சென்று தெரியும். மேலே சிங்க முகம். கோபம் வரும்போது நடிகன் குனிந்தால் சிங்கம் முன்னால் பாயும். நிமிர்ந்தால் மனிதன் தெரிவான். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே சமயத்தில் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் எது சிங்கம், எது மனிதன் என்ற கணக்கே விட்டுப்போகிறது.

அமெரிக்கர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். நாம் வைக்க வேண்டியதில்லை. தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரை ஆட்டத்தைப் பார்த்தவர்தானே நாம்? குதிரைக் கூட்டுக்கு நடுவே இடுப்புக்கு மேலே ராஜாவும் ராணியும் பட்டும் சரிகையுமாகத் தெரிகிறார்கள்; கீழே கட்டைக்கால் தெரிகிறது; குதிரைக்கு உயிரில்லை என்பது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் நையாண்டி மேளம் ஒரு தட்டுத் தட்டியதும் அந்தக் குதிரை துள்ளுகிறது பாருங்கள், நிஜக் குதிரை தோற்றுப்போகும். தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராஜாவின் பெருமையைச் சொல்லும்போதும் அப்படித்தான். வருகிறது பக்கத்து ஊர் விவசாயி என்று எல்லோருக்கும் தெரியும். திரை விலகினால் துரியோதனன். நடிப்பு என்பதை மறைக்காமல் நடிப்பதுதான் நம் கூத்தின் ரகசியம். அதை ஓர் அமெரிக்கப் பெண்மணி ஆசியாவில் கற்றுக்கொண்டு போய்க் கோடிக்கணக்கில் காசாக்கினார் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. நாம் அதை மறந்துவிட்டு ஆண்டு விழாவில் குழந்தைகளுக்கு மூச்சு முட்டும் பஞ்சுத்தோல் மாட்டுகிறோம், அதில்தான் வருத்தம்.

ஜூலி டேமரின் சாமர்த்தியங்களை ஒவ்வொன்றாகச் சொன்னால் இந்தப் பக்கம் போதாது. தண்ணீர் வற்றிப்போவதைக் காட்ட வேண்டும். ஒரு நீலப் பட்டுத் துணி, நடுவிலுள்ள துவாரம் வழியாக மெல்ல மெல்ல உள்ளே இழுக்கப்படுகிறது. அவ்வளவுதான், குளம் வற்றிவிட்டது! ஒட்டகச்சிவிங்கியா? இரண்டு காலிலும் இரண்டு கையிலும் கழி கட்டிக்கொண்டு ஒருவர் நடக்கிறார். யானைக்கு நாலு பேர், காலுக்கு ஒருவர். அப்பா சிங்கம் இறந்ததும் பெண் சிங்கங்கள் அழ வேண்டும். கண்ணிலிருந்து வெள்ளை ரிப்பன்களை நீள நீளமாக உருவுகிறார்கள். எழுத்தில் படிக்கும்போது வேடிக்கையாகத்தான் இருக்கும். கொட்டகையில் பார்த்தவர்கள் விசும்பியிருக்கிறார்கள்.

சபையோருக்குப் பின்னாலிருந்தும் நடுவிலிருந்தும் மிருகங்கள் வருவதுதான் ஆரம்பக் காட்சி. அதற்கு முதல் குரல் கொடுப்பது ரபிக்கி என்ற குரங்கு. படத்தில் ரபிக்கி ஆண். கதையில் கம்பீரமான பெண் பாத்திரம் போதவில்லை என்று டேமர் நினைத்தார். ரபிக்கியைப் பெண்ணாக்கிவிட்டார். ஆக, ஆயிரத்துச் சொச்சம் பேர் உட்கார்ந்திருக்கும் கொட்டகையை முதல் விநாடியில் தன் தொண்டையால் கட்டிப்போடுவது ஒரு பெண். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ட்ஸிடீ லெ லோகா என்ற பாடகி 1997 நவம்பரில் அந்தக் குரலை முதன்முதலாகப் பிராட்வேயில் எழுப்பினார். அடுத்த வருஷம் டோனி பரிசு வழங்கியபோது ஸங்கீத நாடகத்தின் டைரக்டருக்கான பரிசு டேமருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவர்தான். நாடகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உலகம் பூராவும் பத்துக் கோடிப் பேருக்கு மேல் பார்த்துவிட்டார்கள். 2011-ல் சிங்கப்பூருக்கு வந்தபோது அங்கே வேலையாக இருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் குடும்பத்தோடு போய்ப் பார்த்திருப்பார்கள்.

இப்போது, கேளுங்கள், புல்லுக்கு வருகிறேன். அந்த நாடகத்தில் ஆப்பிரிக்கப் புல்வெளி வர வேண்டும். பச்சைத் திரை எழுதித் தொங்கவிட்டிருக்கலாம். டேமர் அப்படிச் செய்யவில்லை. பாடகர்களும் நடனக்காரர்களும் தலையில் புல் முளைத்த பலகையை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக வருகிறார்கள். அவர்கள் அசைந்தால் காற்றடிக்கிறது. அவர்கள் பாடினால் பூமியே பாடுகிறது. புல்லாக வருகிறவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? ஆண்டுக்கணக்கில் சங்கீதமும் நாட்டியமும் பயின்று, பல கட்டத் தேர்வில் தேறி வந்தவர்கள். அடுத்த காட்சியில் அவர்களே கழுதைப்புலி, அதற்கடுத்து மான். சிம்பா மேடையில் இல்லாத சமயம்கூட நாடகம் நடக்கும். இவர்கள் இல்லாமல் ஒரு நிமிஷம் நடக்காது.

ஆகவே, முடிச்சூர் அம்மா, புல் என்பதால் உங்கள் பெண்ணை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதை முடிவில் சொல்கிறேன்.

உயர விஷயத்தையும் பேசிவிடுவோம். பள்ளிக்கூடத்து டீச்சரின் பேரில் கோபப்படாதீர்கள். பிராட்வேயிலும் இதே கதைதான்! குட்டிச் சிம்பா, குட்டி நாலா வேஷத்துக்கு வரும் குழந்தைகள் ஐந்தடிக்கு மேல் இருக்கக் கூடாது என்று தேர்வு அறிவிப்பிலேயே போட்டுவிடுகிறார்கள். வாரத்துக்கு எட்டு ஆட்டம். ஒரே குழந்தையால் தாங்காது என்பதால் இரண்டு குழந்தைகள் மாற்றி மாற்றி ஆடுகிறார்கள். ஒரு நாள் வளர்ந்துவிட்டால் அதோடு சரி. பன்னிரண்டு வயதில் வேலை ஓய்வு! தவறு ஒன்றும் செய்யாமல், சாப்பிட்டு வளர்ந்த குற்றத்துக்கு வேஷத்தை இழப்பது என்றால் அந்த மனசு என்ன பாடுபடும்?

நம் நாடக உலகத்துக்கு இந்தத் துக்கம் நன்றாகத் தெரியும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை ஏற்படுத்தினார். பிள்ளைகள் மட்டுமே நடிக்கும் 'பாய்ஸ் கம்பெனி'. டி.கே.எஸ். சகோதரர்கள் அந்த வருஷமே அதில் சேர்ந்தார்கள். அப்போது சண்முகத்துக்கு ஆறு வயது. அந்தப் பிள்ளை அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தாராம். ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் பாயில் உட்கார்ந்திருப்பவன் காசு கொடுத்தவன். அவன் காதுக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும். பிள்ளைகள் தொண்டையால் பாடவில்லை, வயிற்றிலிருந்து பாடினார்கள். பாதி ராத்திரிக்கு மேலும் நாடகம். மறுநாள் காலையில் பாடம். பிரம்படியும் இருந்தது. அதையெல்லாம் பெருமையாகச் சொல்ல நான் தயாரில்லை. தாயை விட்டு ஆறு வயதில் பிரிந்து வந்த குழந்தைகள் அவர்கள்.

பிறகு ஒரு நாள் குரல் உடையும். அதற்கு நாடகக்காரர்கள் வைத்த பெயர் மகரக்கட்டு. நேற்று வரையில் தங்கப் பதக்கம் வாங்கிய ராஜபார்ட் பையன், இன்று வாயைத் திறந்தால் தகர டப்பா. சிலருக்கு வசனம் மட்டும் உள்ள வேஷம் கொடுப்பார்கள். சிலரைத் திரை இழுக்க வைப்பார்கள். சிலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. எஸ்.ஜி. கிட்டப்பா மாதிரி வளர்ந்த பிறகும் உச்ச ஸ்தாயி கைவிடாத அபூர்வப் பிறவிகள் எத்தனை பேர்? சண்முகமோ வளர்ந்து, நரைத்த தலையும் கூன் முதுகுமாக அவ்வைப் பாட்டி வேஷம் கட்டி, அந்த வேஷமே பட்டமாகி 'அவ்வை சண்முகம்' ஆனார். குழந்தை வேஷம் போனால் கிழவி வேஷம் வருகிறது. இதுவும் மேடையில்தான் நடக்கும்.

பெண் குழந்தை சிங்கக் குட்டியாக ஆண் வேஷம் போடலாமா என்று யாராவது பெரியவர் கேட்டால், கே.பி. சுந்தராம்பாள் பெயரைச் சொல்லுங்கள். சிறுமியாக வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்து 'நல்லதங்காள்' நாடகத்தில் மூத்த பிள்ளை வேஷம் கட்டித்தான் அந்தக் கம்பீரக் குரல் வெளியே வந்தது. வேஷம் எதுவானாலும் பாட்டு சொந்தம்.

நடிகர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். படத்தில் குரல் மட்டும்தான், முகம் தெரியாது. மேடையில் முகமும் வேண்டும், உடம்பும் வேண்டும். இரண்டிலும் ஜெயித்தவர்கள் உண்டு. 'லிட்டில் மெர்மெய்ட்' படத்தில் செபாஸ்டியன் என்ற நண்டு பாடுமே, அந்தக் குரல் சாமுவேல் ரைட் என்பவருடையது. எட்டு வருஷம் கழித்து அவரேதான் பிராட்வேயில் முதல் முஃபாஸா, அப்பா சிங்கம்! நண்டாகக் கூத்தடித்தவர் ராஜாவாக வந்து நின்றபோது தலைமேல் இருந்த சிங்க முகத்தின் எடை சுமார் முந்நூறு கிராம்தான். கம்பீரம் எடையில் இல்லை போலிருக்கிறது. அவர் 2021-ல் காலமானார். 'லிட்டில் மெர்மெய்ட்' 2008-ல் மேடை ஏறியபோது கடலுக்கடியில் நீந்துவது எப்படி என்று திண்டாடி, சக்கரம் வைத்த செருப்பைக் கொடுத்து நடிகர்களைச் சறுக்க விட்டார்கள். அது எனக்கு அவ்வளவாக ரசிக்கவில்லை. மீன் என்றால் மீன் மாதிரி அசைய வேண்டும். சக்கரம் வைத்தால் விமான நிலையத்துப் பெட்டி ஞாபகம் வருகிறது.

இப்போது ஆஷ்மனின் பாட்டு. 'அலாவுதீன்' படத்துக்கு முதலில் எழுதிய கதையில் அலாவுதீனுக்கு ஒரு தாய் உண்டு. ஊர் முழுவதும் உதவாக்கரை என்று திட்டும் பிள்ளை, ஒரு நாள் உன்னைப் பெருமைப்பட வைப்பேன் என்று அம்மாவிடம் உருகுவதாக ஒரு பாட்டு எழுதினார் ஆஷ்மன். மெட்டு ஆலன் மென்கன். பிறகு கதையை மாற்றினார்கள். தாய் பாத்திரம் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். தாய் போனால் பாட்டு எங்கே நிற்கும்? அதுவும் போயிற்று. எழுதியவரும் போய்விட்டார். 1992-ல் படம் வந்து வெற்றிக்கொடி நாட்டியது. அந்தப் பாட்டு இல்லாத குறை யாருக்கும் தெரியவில்லை. ஆனால் மென்கன் மறக்கவில்லை. 2014 மார்ச்சில் 'அலாவுதீன்' பிராட்வே மேடைக்கு வந்தபோது அந்தப் பாட்டு திரும்பி வந்துவிட்டது. மேடையில் அலாவுதீன் இறந்துபோன தாயை நினைத்துப் பாடுகிறான். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் மறைந்த கவிஞனின் வரிகளை உயிருள்ள ஒரு தொண்டை தினம் தினம் பாடுகிறது. நாடகம் படத்தைவிட ஒரு படி உசத்தி என்று நான் வாதாட வேண்டியிருந்தால் இந்த ஒரு பாட்டை மட்டும் சாட்சிக்கூண்டில் ஏற்றுவேன்.

அந்த நாடகத்தில் நமக்கும் ஒரு பங்கு வந்து சேர்ந்தது. கொரோனாவுக்காக ஒன்றரை வருஷம் இழுத்து மூடியிருந்த கொட்டகை 2021 செப்டம்பர் 28-ல் திறந்தபோது அலாவுதீனாக வந்தவர் மைக்கேல் மலியாகல். கேரளத்திலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. ராஜகுமாரி ஜாஸ்மினாக வந்தவர் ஷோபா நாராயண். பரதநாட்டியம் பயின்ற பெண். இந்திய வம்சத்தார் இருவர் ஜோடியாக அந்த ரத்தினக் கம்பளத்தில் பறந்தார்கள்! ஊரெல்லாம் அதே பேச்சு. மறுநாள் என்ன ஆயிற்று தெரியுமா? குழுவில் சிலருக்குத் தொற்று என்று ஆட்டம் ரத்து. அதற்கடுத்த நாள் ஒரு முறை பறந்துவிட்டு, மறுபடியும் தொற்று என்று கம்பளத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், பத்து நாளுக்கு மேல். பிறகு மறுபடியும் பறந்தார்கள். 'ஃப்ரோஸன்' நாடகத்துக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2020 மார்ச்சில் மூடியவர்கள் பிராட்வேயில் திறக்கவே இல்லை. நம் வீட்டுப் பெண் குழந்தைகள் நீலக் கவுன் போட்டுக்கொண்டு வீட்டையே பனியாக்கிய படம். மேடையில் இரண்டு வருஷம்தான்.

முடிச்சூர் வாசகிக்கு நான் போட்ட நிபந்தனை என்ன? உங்கள் பெண் புல்லாக நிற்கட்டும், ஆனால் பாடட்டும். கேட்டால், 'பாட்டு ரிக்கார்டில் வரும், நீங்கள் வாயை அசைத்தால் போதும்' என்பார்கள். தாம்பரம், பெருங்களத்தூர், முடிச்சூர் என்று இந்தப் பக்கத்து ஆண்டு விழாக்கள் பலவற்றுக்கு நானும் போயிருக்கிறேன். ஸ்பீக்கர் பெட்டி அலறுகிறது. முந்நூறு குழந்தைகள் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுகிறார்கள். பெற்றோர்கள் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுக்கிறார்கள். அமெரிக்கப் பாடகரின் குரலை முடிச்சூர்க் குழந்தையின் வாயில் ஒட்டவைக்க ஆறு மாத ஒத்திகை! பொம்மைப் படத்தை மனிதர்கள் நடிக்கும் நாடகமாக்கினார்கள் பிராட்வேக்காரர்கள். நாமோ மனிதக் குழந்தைகளைப் பொம்மைகளாக்கிவிட்டோம்.

பெற்றோர் கூட்டத்தில் எழுந்து இதைக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் குறை சொல்கிறார் என்பார்கள். நாலு தாய்மார்கள் சேர்ந்து கேட்டால் யோசிப்பார்கள். இந்த நாடகங்களைப் பள்ளிக்கூடங்கள் ஆடுவதற்கென்றே சுருக்கி, ஒரு மணி நேரத்தில் முடியும் 'ஜூனியர்' பதிப்பு, அரை மணியில் முடியும் 'கிட்ஸ்' பதிப்பு என்று வைத்திருக்கிறார்கள். முறைப்படி பணம் கட்டி அனுமதி வாங்கினால் வசனம், பாட்டு, பாடுகிறவர் குரல் இல்லாத வாத்திய இசை எல்லாம் அனுப்புவார்கள். குரல் இல்லாத இசை எதற்கு? குழந்தைகள் பாடுவதற்குத்தான்! செலவு கட்டுப்படியாகாது என்றால் சிங்கம்தான் வேண்டும் என்று என்ன முடை? பஞ்சதந்திரத்தில் இல்லாத சிங்கமா? தமிழ் வாத்தியாரம்மாவையும் பாட்டு டீச்சரையும் ஒரு மத்தியானம் சேர்த்து உட்காரவைத்தால் பத்துப் பாட்டு எழுதிவிடுவார்கள். ஸ்ருதி கொஞ்சம் விலகும். விலகட்டும்.

குழந்தைகளுக்கு இந்த மாதிரி ஆட்டத்தைக் காட்ட வேண்டும் என்று ஆசையிருந்தால் கிறிஸ்துமஸ் சமயத்தில் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஆயிஷா ராவ் 1991-ல் ஆரம்பித்த 'லிட்டில் தியேட்டர்' குழுவினர், எழும்பூர் மியூஸியம் தியேட்டரில் பாட்டும் கூத்தும் கேலியுமாக 'பான்டமைம்' ஆடி வந்திருக்கிறார்கள். தாம்பரத்தில் மின்சார ரெயில் ஏறினால் எழும்பூர். 1896-ல் கட்டிய அந்தக் கொட்டகையில் மேடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

தலைமேல் வைக்கும் சிங்க முகம் வீட்டிலேயே செய்யலாம். பழைய செய்தித்தாளைக் கிழித்து ஒரு ராத்திரி ஊறவைத்து, மைதாப் பசையோடு பிசைந்துகொள்ளுங்கள். சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, எண்ணெய் தடவி, அதன்மேல் கூழை அப்பி மூக்கும் கன்னமும் பிடியுங்கள். இரண்டு நாள் வெயிலில் காயட்டும். மழைக்காலமானால் நாலு நாள் பிடிக்கும், அவசரப்பட்டால் பூஞ்சை பூக்கும். பிடரிக்குத் தேங்காய் நார் வேண்டாம், குத்தும். பழைய மஞ்சள் கம்பளி நூல் போதும். தெருக்கூத்துக்காரர்கள் கிரீடத்தைக் கல்யாண முருங்கை மரத்தில் செய்வது கனம் இல்லாமல் இருப்பதற்காகத்தான். நீங்களும் முந்நூறு கிராமுக்கு மேல் போக விடாதீர்கள். நெற்றியில் துணிப்பட்டை வைத்துத் தைத்து, முகத்தைத் தலைக்கு மேலே சற்று முன்னால் சாய்த்துக் கட்டுங்கள். கட்டும் நாடா தாடைக்குக் கீழே வர வேண்டாம், காதுக்குப் பின்னால் போகட்டும். தாடையில் கட்டினால் குழந்தையால் வாயைத் திறந்து பாட முடியாது.